அது தண்ணீர் இல்லை

தி. நகரில் நான் வேலை பார்க்கும் துணிக்கடையில் இரண்டாவது மாடி முழுக்கப் பட்டு. கல்யாணமாகி மகள் பிறந்து அவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததிலிருந்து அங்கேதான் நின்றுகொண்டிருக்கிறேன். நின்றுகொண்டிருக்கிறேன் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். கடைகளில் வேலை செய்கிறவர்கள் உட்கார இடம் தர வேண்டும் என்று சட்டம் வந்த பிறகு எங்கள் கவுண்டருக்குப் பின்னாலும் பிளாஸ்டிக் ஸ்டூல்கள் வந்தன. அதிகாரிகள் யாராவது பார்வையிட வந்தால் எங்களை அதில் உட்காரச் சொல்வார்கள். மற்ற நேரங்களில், பிரித்துக் காட்டிய புடவைகளை அதன்மேல் அடுக்கி வைப்போம்.

நிற்பதைவிடப் பெரிய கஷ்டம் ஒன்று இருந்தது. ஊழியர்களுக்கான கழிவறை மொட்டை மாடிக்கு நேர் கீழே, கடைசித் தளத்தில் இருந்தது. லிஃப்ட் வாடிக்கையாளர்களுக்கு மட்டும். நாங்கள் படியேற வேண்டும். அதற்கும் சூப்பர்வைசரிடம் பாஸ் வாங்க வேண்டும். மஞ்சள் நிற பிளாஸ்டிக் அட்டை, மாடிக்கு ஒன்றுதான். ஒருத்தி போய்த் திரும்பி வந்து கொடுத்தால்தான் அடுத்தவள் போகலாம். கூட்டம் அதிகமான நாட்களில் பாஸ் கேட்டாலே முறைப்பார். அதனால் நாங்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டோம். அடையாற்றங்கரையில் இருந்த எங்கள் வீட்டை இடித்து எங்களை ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு அனுப்பிய பிறகு, பஸ்ஸில் போய்வரும் நேரத்தையும் சேர்த்து அடக்கப் பழகினேன். நீர்க்கடுப்பு வராத பெண் எங்கள் மாடியில் இல்லை. அதைப் பற்றி நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொள்வதுகூட காதோடு காதாகத்தான்.

அன்று ஆவணி முகூர்த்தத்துக்குப் பட்டு எடுக்க வந்த கூட்டம். என் முன்னால் மயிலாப்பூரிலிருந்து ஒரு குடும்பம் வந்து உட்கார்ந்திருந்தது. கல்யாணப் பெண், அவள் அம்மா, அத்தை. நல்ல மாதிரியான மனிதர்கள்தான். அந்த அம்மா ஒவ்வொரு புடவையையும் விரலால் நீவிப் பார்த்துவிட்டு, "சித்த அந்த அரக்குக் கலரையும் எடுங்கோளேன்" என்று கெஞ்சலாகவே கேட்டார். நான் காலையிலிருந்து ஒருமுறைகூட மேலே போகவில்லை. பாஸ் கேட்டேன். வேறொருத்தி கொண்டுபோயிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவள் திரும்பி வந்ததைப் பார்த்துவிட்டு மறுபடியும் கேட்டேன்.

"இவங்க பில் போடட்டும். அப்புறம் போ" என்றார் சூப்பர்வைசர்.

அரக்குப் புடவைகள் மேல் தட்டில் இருந்தன. கால் விரல்களை ஊன்றி, கையை உயர்த்தி, அடுக்கை இழுத்தேன். அப்படி எக்கியதில் உடம்பு என் பேச்சைக் கேட்காமல் போய்விட்டது. தொடையில் சூடாக இறங்குவதை உணர்ந்தபோது கையில் புடவை அடுக்கு இருந்தது. அதைக் கீழே போட்டால் பட்டு நனையும் என்றுதான் முதலில் தோன்றியது. அதனால் அதைத் தலைக்குமேல் பிடித்தபடியே நின்றேன். என் யூனிஃபார்ம் புடவை இளநீலம். ஈரம் பட்டால் கருநீலமாகத் தெரியும்.

பக்கத்துக் கவுண்டரில் என் தோழி இருந்தாள். பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கிற குடும்பத்துப் பெண், வாய் ஓயாதவள். அவள் என் முகத்தைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். அடுத்த நிமிடம் தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து என் காலடியில் கவிழ்த்துவிட்டாள்.

"ஐயய்யோ! தண்ணி பாட்டில தட்டி வுட்டுட்டேனே! அம்மா, காலத் தூக்குங்க, புடவையெல்லாம் தூக்குங்க!"

எல்லோரும் பதறி எழுந்தார்கள். "பட்டு நனைஞ்சுடப் போறதுடி" என்று அந்த அம்மா அத்தையின் கையைப் பிடித்து இழுத்தார். கல்யாணப் பெண் மட்டும் எழுந்திருக்கவில்லை. என் காலைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. சட்டென்று தலையைத் திருப்பிக்கொண்டு, மடியில் இருந்த புடவையின் ஜரிகையை உற்றுப் பார்க்க ஆரம்பித்தாள். எனக்காகத்தான் அப்படிச் செய்தாள். அந்த இரக்கத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

தோழி என்னைப் பின்படி வழியாகக் கூட்டிப்போனாள். "இன்னாடி மூஞ்சி இப்டி கீது? யாருக்கும் தெரியாது. தண்ணிதான். கேட்டா தண்ணின்னே சொல்லு" என்றாள். சூப்பர்வைசர் அவளைக் கூப்பிட்டுத் திட்டி, 'என் கவனக்குறைவால் தண்ணீர் பாட்டில் கவிழ்ந்துவிட்டது' என்று கைப்பட எழுதி வாங்கிக்கொண்டார். அவள் தயங்காமல் எழுதிக் கொடுத்தாள்.

அன்று பஸ்ஸில் இடம் காலியாக இருந்தும் நான் உட்காரவில்லை. யாரும் பக்கத்தில் வந்துவிடக் கூடாதென்று பின்கதவு ஓரமாக நின்றே போனேன். வீட்டில், உடம்பு சரியில்லை என்று மட்டும் சொன்னேன்.

என்னைச் சங்கத்துக்கு அழைத்துப்போனதும் அவள்தான். கடை ஊழியர் சங்கத்தின் ஆபீஸ் மயிலாப்பூரில், கோயில் குளத்துக்குப் பின்பக்கச் சந்தில், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருக்கிறது. தலைவர் வேறொரு கடையில் கேஷியராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோரையும் தோழர் என்றுதான் கூப்பிடுவார். வேலையிழந்த எத்தனையோ பேருக்காக அலைந்தவர். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அந்தச் சமயத்தில், கமிட்டியில் பெண்கள் இருந்தே ஆக வேண்டும் என்று மேலிடத்திலிருந்து சொல்லியிருந்தார்கள். நான் போன இரண்டாவது கூட்டத்திலேயே என்னைத் துணைத் தலைவராக ஆக்கிவிட்டார்கள்.

என் தோழியை விட்டுவிட்டு என்னை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று எனக்குக் கொஞ்ச நாளில் புரிந்தது. அவள் பேசுவாள். நான் பேச மாட்டேன்.

துணைத் தலைவராக நான் செய்தது இதுதான்: பொதுக்கூட்டங்களில் மேடையோரமாகத் தட்டை ஏந்தி நிற்பேன். தலைவர்கள் அதிலிருந்து சால்வையை எடுத்து ஒருவருக்கொருவர் போர்த்திக்கொள்வார்கள். கமிட்டிக் கூட்டத்தில் டீ வந்தால் எல்லாருடைய கண்ணும் என்னிடம் வரும்; நான் எழுந்து ஊற்றிக் கொடுப்பேன். ஒருமுறை, "தோழர்கள் ஆணென்றும் பெண்ணென்றும் பார்ப்பதில்லை" என்று ஒருவர் பேசிக்கொண்டிருந்தபோது நான் டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். தோழி கொல்லென்று சிரித்துவிட்டாள். அவர் பேச்சை நிறுத்தி என்னைப் பார்த்தார். அவரைவிட எனக்குத்தான் முகம் சுருங்கிப்போனது.

கடை நிர்வாகத்திடம் கொடுக்கக் கோரிக்கைகள் தயாரானபோது போனஸ் இருந்தது, விடுமுறை இருந்தது, பண்டிகைக் கால வேலை நேரம் இருந்தது. தோழி கேட்டாள்.

"பாத்ரூம் மேட்டர் எங்க தோழர்?"

"அதுவும் இருக்கு தோழர். 'அடிப்படை வசதிகள்'னு பொதுவா போட்டிருக்கோம்."

"பொதுவா இன்னா? நாங்க பொதுவாவா போறோம்?"

ஆண்கள் எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். நான் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். பிறகு, நான் இல்லாத ஒரு நாளில், அவள் தலைவரிடம் நடந்ததைச் சொல்லியிருக்கிறாள். எனக்கு அது தெரியாது.

பேச்சுவார்த்தை கடையின் மேல்தளத்தில், மேனேஜர் அறையில் நடந்தது. அந்தப் பக்கம் மேனேஜரும், குறிப்பெடுக்க ஹெச்.ஆர். பெண் ஒருத்தியும். இந்தப் பக்கம் தலைவர், செயலாளர், நான். 'அடிப்படை வசதிகள்' வந்ததும் தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பட்டு செக்ஷன்ல ஒரு சகோதரிக்கு ரொம்ப சங்கடமான நிலைமை ஆயிருக்கு சார். கஸ்டமர் முன்னாடி. போக விடாததால..."

அவர் என் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் அந்த அறையில் பட்டு செக்ஷன் சகோதரி நான் ஒருத்திதான். மேனேஜர் கோபப்படவில்லை. சிரித்தார். ஃபைலைத் திறந்து ஒரு தாளை எடுத்து மேஜையில் வைத்தார். என் தோழி எழுதிக் கொடுத்தது.

"தண்ணி பாட்டில் கவுந்ததுன்னு உங்க மெம்பரே எழுதிக் கொடுத்திருக்காங்க. கேமராவிலயும் அப்படித்தான் இருக்கு, அவங்க பாட்டிலைக் கவுக்கறது நல்லாத் தெரியுது. இதை வெச்சுக் கதை கட்டலாமா சார்?"

தலைவர் அந்தத் தாளைப் படித்தார். என்னை ஒருமுறை பார்த்தார். நான் கீழே பார்த்தேன். "சரி, இதை அப்புறம் பேசுவோம். அடுத்த கோரிக்கைக்குப் போகலாம்" என்று பக்கத்தைப் புரட்டினார்.

நான் தைரியசாலி இல்லை. அன்று ஏன் வாய் திறந்தேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அந்தப் பக்கத்தைப் புரட்டிய சத்தம்தான் காரணம் என்று நினைக்கிறேன். அவ்வளவு சுலபமாகப் புரண்டது.

"சார், அது தண்ணி இல்ல."

"என்னம்மா?"

யூரின் என்ற வார்த்தையை மனதுக்குள் எடுத்து வைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு. "தண்ணி இல்ல சார். மூத்திரம். என்னோடது."

ஹெச்.ஆர். பெண்ணின் பேனா நின்றுவிட்டது. தலைவர் மேஜை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கழுத்திலிருந்து நெற்றிவரை தீயாக எரிந்தது. மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீங்க தனியா வந்து என்கிட்ட சொல்லியிருக்கலாமே அம்மா."

"பாஸ் கேட்டேன் சார். ரெண்டு தடவை கேட்டேன்."

அதற்குமேல் என்ன பேசினேன் என்று சரியாக நினைவில்லை. மாதவிலக்கு நாட்களில் நாங்கள் என்ன செய்கிறோம் என்றும் சொன்னேன் போலிருக்கிறது. செயலாளர் எழுந்து வெளியே போய்விட்டார். அறையைவிட்டு வந்தபோது ஒரு பெரிய காரியம் செய்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. ஆண்களின் நடுவில் புடவை அவிழ்ந்து நின்றதுபோல இருந்தது.

பாஸ் முறையைப் பரிசீலிப்பதாக நிர்வாகம் சொன்னது. அந்த வாரமே என்னைப் பேஸ்மென்ட்டில் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். என் தோழிக்கு மெமோ வந்தது. நிர்வாகத்துக்குப் பொய்யாக எழுதிக் கொடுத்ததற்காகத் தற்காலிக வேலைநீக்கம். என் மானத்தைக் காக்க அவள் சொன்ன பொய்யை நான் நாலு பேர் முன்னால் உடைத்துப் போட்டேன். அடி அவளுக்கு விழுந்தது.

விடுமுறை நாளில் பட்டினப்பாக்கம் போனேன். மீன் கடைகள் வரிசையில் தோழி தன் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். நான் நின்றேன். அவள் நிமிரவில்லை.

"உன் மானத்துக்குத்தான் நான் பாட்டில கவுத்தேன். அத்த நீயே போட்டு ஒடச்சுட்ட" என்றாள்.

"தெரியும்."

"கோவம் இல்லன்னு சொல்ல மாட்டேன். கோவம் கீது."

நான் அழுதேன். கடைக்கு வந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து என்னை மறைத்தாற்போல நின்றாள். "சரி, அழாத. நீ சொன்னப்போ அந்தாளு மூஞ்சி எப்டி போச்சு? மொதல்ல அத்த சொல்லு" என்றாள். சொன்னேன். மேனேஜர் கண்ணாடி துடைத்ததைச் சொன்னபோது அவள் அம்மாவும் சிரித்தார்.

தலைவர், லேபர் ஆபீஸில் மனு கொடுத்திருக்கிறோம், பொறுமையாக இருங்கள் என்றார். என்னால் பொறுக்க முடியவில்லை. கழிவறை வரிசையில், சாப்பாட்டு அறையில், பஸ் ஸ்டாப்பில் ஒவ்வொருத்தியிடமாகப் பேசினேன். நான் கூட்டம் போட்டுப் பேசியதில்லை, எனக்கு அது வராது. ஆனால் ஒன்று கவனித்தேன். நான் போனால் பெண்கள் தாங்களாகவே சொல்ல ஆரம்பித்தார்கள். எனக்கு நடந்தது எல்லோருக்கும் தெரிந்துவிட்டதால், என்னிடம் எதையும் சொல்லலாம் என்று ஆகிவிட்டது. ஒருத்தி அடிக்கடி நர்சிங் ஹோமுக்குப் போவதைச் சொன்னாள். ஒருத்தி பெரியவர்களுக்கான டயப்பர் கட்டிக்கொண்டு வருவதைச் சொன்னாள். அவளுக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. எல்லோரும் சொல்லி முடித்ததும் சுற்றுமுற்றும் பார்த்துக்கொள்வார்கள்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம், கடை நிரம்பி வழிந்த நேரத்தில், இரண்டாவது மாடிப் பெண்கள் ஸ்டூல்களின் மேலிருந்த புடவைகளை எடுத்துக் கவுண்டரில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். கோஷம் போடவில்லை. வேலையை நிறுத்தவும் இல்லை.

"ஏம்மா, புடவை காட்ட மாட்டீங்களா?" என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டார்.

"காட்றோம்மா. உக்காந்துகினே காட்றோம்" என்று பதில் சொன்னாள் ஒருத்தி. கைக்கு எட்டிய புடவைகளை மட்டும் எடுத்துக் காட்டினார்கள். மேல் தட்டுப் புடவைகள் அங்கேயே இருந்தன.

அவர்களோடு முன்பே பேசி வைத்தபடி நானும் பேஸ்மென்ட்டிலிருந்து மேலே வந்து என் பழைய இடத்தில் உட்கார்ந்தேன். எல்லோரும் என்னையே பார்ப்பதாகத் தோன்றியது. அந்தத் தரையைப் பார்க்காமலிருக்க, எதிரிலிருந்த கண்ணாடியைப் பார்த்தேன். அதில் என் முகம் குற்றம் செய்தவள் முகம் மாதிரி இருந்தது. சூப்பர்வைசர் கத்தினார். மேனேஜர் வந்தார். அவர் கூப்பிட்டு, தலைவரும் மூச்சிரைக்க வந்துசேர்ந்தார். வந்தவர் எல்லோர் முன்னாலும் என்னிடம் பாய்ந்தார்.

"யாரைக் கேட்டு இதைச் செஞ்சீங்க தோழர்? சங்கத்துல ஒரு கட்டுப்பாடு வேணாமா?"

நான் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி எழுந்து நின்றுவிட்டேன். தெற்கே சாத்தான்குளம் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கும் சின்னப் பெண் ஒருத்தி உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள்.

"அக்காவ ஏசாதீய சார். நாங்கதான உக்காந்தோம். அவிய கடைசியாத்தான் வந்தாவ."

தலைவர் உட்கார்ந்திருந்தவர்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு மேனேஜரிடம் திரும்பி, "சட்டப்படி உட்கார்ந்திருக்காங்க சார். இதுல நான் என்ன சொல்ல முடியும்?" என்றார். அவரிடம் எனக்கு மரியாதை குறையாமல் இருப்பதற்கு அந்த ஒரு வாக்கியம் காரணம்.

அதன் பிறகு நடந்த பேச்சுவார்த்தையில் தோழியை வேலைக்குத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். மஞ்சள் அட்டை போயிற்று. எங்கள் மாடியிலேயே வாடிக்கையாளர்களுக்கு இருந்த கழிவறைகளில் ஒன்றை எங்களுக்குத் திறந்துவிட்டார்கள்; ஆனால் பூட்டு போட்டுச் சாவியைச் சூப்பர்வைசரிடம் கொடுத்தார்கள். அந்தச் சாவிக்காக மறுபடியும் முதலிலிருந்து சண்டை போட வேண்டியிருந்தது. என்னைப் பேஸ்மென்ட்டிலிருந்து மேலே ஏற்றவில்லை. இன்றும் பேக்கிங்கில்தான் இருக்கிறேன்.

வெற்றிக் கூட்டம் உஸ்மான் ரோடு ஓரமாக நடந்தது. தலைவர் மைக்கைப் பிடித்து, எனக்கு நடந்ததை முழுதாக, ஏற்ற இறக்கத்தோடு சொன்னார். வீரப் பெண்மணி என்றார். பூ விற்கிறவர்களும் ஆட்டோக்காரர்களும் நின்று கேட்டார்கள். நான் மேடை போட்டிருந்த வேனுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். கூட்டம் முடிந்ததும் அவரிடம் போனேன்.

"தோழர், அதை இனிமே நீங்க சொல்லாதீங்க. சொல்லணும்னா நானே சொல்லிக்கறேன்."

"பெருமையாத்தானே சொன்னேன்?"

"உங்களுக்குப் பெருமை தோழர். எனக்கு அப்படி இல்ல."

அவர் முகம் மாறியது. "மன்னிச்சுக்குங்க" என்றார். அதன்பிறகு அவர் சொன்னதில்லை.

ஆனால் அதற்குள் செய்தி என் கணவர் காதுக்குப் போய்விட்டது. பெயின்ட் வேலை செய்யும் இடத்தில் யாரோ கேட்டிருக்கிறார்கள். சில நாட்கள் என்னோடு பேசவில்லை. பிறகு, "ஊரு ஒலகத்துக்கெல்லாம் சொல்லணுமா? என்கிட்டயே நீ சொல்லலியே" என்றார். கோபத்தைவிட வருத்தம்தான் அதிகமாக இருந்தது. மேனேஜரிடம் சொல்ல முடிந்ததை அவரிடம் என்னால் சொல்ல முடியவில்லை. உறவினர்கள் கேட்டால் இன்றும் அவர் எனக்குக் கடையில் வேலை என்று மட்டும் சொல்வார். சங்கத்தைப் பற்றிச் சொல்ல மாட்டார். நானும் சொல்வதில்லை.

அடுத்த தேர்தலில் தோழி என் பெயரைச் செயலாளர் பதவிக்கு முன்மொழிந்தாள். துணைத் தலைவர் பதவி எனக்கு யாரோ கொடுத்தது. இதற்கு ஓட்டு போட்டார்கள். எங்கள் மாடிப் பெண்கள் மொத்தமாக வந்து சந்தில் வரிசையில் நின்றார்கள். அவளும் கமிட்டிக்கு வந்தாள். இப்போது டீ வந்தால் பக்கத்தில் இருப்பவர் ஊற்றுகிறார். முதல் சில கூட்டங்களில் என் கை தானாகவே கெட்டிலுக்குப் போகும். அவள் மேஜைக்குக் கீழே என் காலை மிதிப்பாள்.

இப்போது மற்றக் கடைப் பெண்களிடம் பேசப் போகிறேன். போன மாதம் மாம்பலத்தில் ஒரு ஹாஸ்டலின் மொட்டை மாடியில் கூட்டம். எல்லாம் இருபதை ஒட்டிய பெண்கள். நான் என் கதையைச் சொன்னேன். சொல்லும்போது யார் முகத்தையும் பார்க்க மாட்டேன். அன்று கொடியில் காய்ந்துகொண்டிருந்த துணிகளைப் பார்த்துச் சொன்னேன். முடித்ததும் ஒருத்தி கேட்டாள்.

"இதெல்லாம் சொல்றதுக்கு உங்களுக்கு வெக்கமா இல்லையாக்கா?"

மற்றவர்கள் அவளை அடக்கினார்கள். இல்லை என்று சொல்லியிருந்தால் கை தட்டியிருப்பார்கள்.

"இருக்கு. இப்பக்கூட இருக்கு. முகமெல்லாம் எரியுது" என்றேன்.

அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து வந்து, எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மற்றவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தன் கடையில் நடப்பதைத் தணிந்த குரலில் சொல்ல ஆரம்பித்தாள்.